இரண்டாவது விரால்

முதல் விராலைப் பிடித்தபோது ஆலனுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடையை மறித்துக் கட்டிய தடுப்பணை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆலனும் நவீதும் ஒரே டேனரியில் வேலை பார்ப்பவர்கள். பதனிட்டு வந்த தோல்களை விரித்து, தடவிப் பார்த்து, தரம் பிரிக்கும் மேசையில் எதிரெதிரே நிற்பவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டில் ராடும் ரீலும், இரைக்குப் பதிலாகக் கட்டும் ரப்பர் தவளையுமாக வண்டியில் கிளம்பிவிடுவார்கள். ஆலனின் மனைவி ஹெப்சி தனியாக ஆராதனைக்குப் போவாள். ஆலன் மாதத்துக்கு ஒருமுறை அவளோடு போனால் அதிகம்.

அன்று நாணல் ஓரமாக, ஒரு முறம் அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல நீர் புள்ளி புள்ளியாக அசைந்தது. விரால் குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வந்து போனால் அப்படித்தான் தெரியும். அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும் என்பது தூண்டில் போடுகிற எல்லோருக்கும் தெரிந்தது. மற்ற நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீசினாலும் திரும்பிப் பார்க்காத மீன், குஞ்சோடு இருக்கும்போது பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. அதனாலேயே அதைப் பிடிப்பது சுலபம். அதனாலேயே நல்ல தூண்டில்காரர்கள் குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசமாட்டார்கள்.

ஆலன் வீசினான். தவளை சிவப்பின் நடுவே விழுந்த நொடியில் தண்ணீர் வெடித்தது. ராடு வில்லாக வளைந்தது. நவீத் போனில் படம் எடுத்துக்கொண்டே, "உடாத, உடாத, லூஸ் குடு" என்று கத்தினான். கரைக்கு இழுத்துப் போட்டபோது மீன் ஆலனின் முன்கை நீளத்துக்கு இருந்தது. அதை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் இணையப் பக்கத்தில் அந்த வீடியோ அன்று மதியமே ஏறியது.

நவீத் ராடை மடிக்க ஆரம்பித்தான். "கெளம்பலாம் பா."

"இன்னொன்னு கீழ இருக்கும்டா."

"இருக்கட்டுமே. அவ்ளோ குஞ்சு நிக்கிது. அது ஒன்னாச்சும் இருக்கட்டும்."

"ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாக்கறேன்."

நவீத் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தான்.

முதல் வீச்சுக்கு அது வரவில்லை. குஞ்சுகளை நாணலுக்குள் ஓட்டிக்கொண்டு போனது போலிருந்தது. சிவப்பு மெல்ல விலகி விலகிப் போனது. ஆலன் கரையோரமாகவே அதன் கூட நடந்தான். இரண்டாவது வீச்சுக்கும் வரவில்லை. மூன்றாவது முறை, அது தண்ணீருக்கு மேல் முழு உடம்பும் தெரிய எழும்பித் தவளையைக் கவ்வியது. கரைக்கு வந்தபோது ஆலன் சிரிக்கவில்லை. படம் எடுக்க ஆளும் இல்லை. பையில் போட்டுக் கட்டினான்.

"அத்தைக்கு ஆபரேஷன் ஆகியிருக்குது இல்ல. விரால் குடுத்தா புண்ணு சீக்கிரம் ஆறும்" என்றான். நவீத் கேட்காமலேயே ஆலன் அதைச் சொன்னான்.

"ஆமா, ஆறும்" என்றான் நவீத். வண்டியைக் கிளப்பினான்.

ஆலனின் மாமியார் டோரதி வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்பாடியில் தனியாக இருந்தார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, தேறும்வரை மகள் வீட்டில் இருக்க வந்திருந்தார். இரண்டு மீனையும் ஹெப்சி சாம்பல் போட்டு வழவழப்பு போகத் தேய்த்து, அரிவாள்மனையில் அறுத்து, எண்ணெய் அதிகம் விடாமல் குழம்பு வைத்தாள். கொழுப்பு ஆகாதென்று டாக்டர் சொல்லியிருந்தும் டோரதி இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மாப்ள பிடிச்ச மீனு, அதான் இவ்ளோ ருசி" என்றார். ஆலனும் சாப்பிட்டான். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவைப் பார்த்தான். நிறைய பேர் பார்த்திருந்தார்கள். நெருப்புப் படமும் கைதட்டலுமாகக் கீழே கொட்டிக் கிடந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, சிரிக்கிற தன் முகத்துக்குப் பின்னால், படத்தின் மூலையில், அந்தச் சிவப்பு தெரிந்தது. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவன் கண் தன் முகத்துக்குப் போகவே இல்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்தான். எதிரே நவீத் ஒரு தோலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அந்த வாரமே ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும் ஆலன் தனியாகத் தடுப்பணைக்குப் போனான். குஞ்சுக் கூட்டம் கரையோரத்தில், மறைவே இல்லாத இடத்தில் மிதந்தது. ஒரு மீன்கொத்தி மின்கம்பியிலிருந்து விழுந்து விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் சிதறி, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது சிறுத்துத் தெரிந்தது. கீழேயிருந்தும் ஏதோ வந்து இழுத்தது, ஜிலேபி மீனாக இருக்கவேண்டும். குஞ்சுகளுக்கு ஓடத் தெரியவில்லை. ஆபத்து வந்தால் கீழே இறங்கித் தாய்க்கு அடியில் ஒதுங்கத்தான் தெரியும் போலிருந்தது. இறங்கிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லாததால் மறுபடி மேலே வந்தன.

ஆலன் கல்லெடுத்து மீன்கொத்தியின் மேல் எறிந்தான். அது பறந்து அடுத்த கம்பியில் உட்கார்ந்தது. அவனுக்குத் தன்னைப் பார்க்கவே சகிக்கவில்லை. வீட்டுக்குப் போய், பழைய கொசுவலையும் பெயின்ட் பக்கெட்டுகளும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். வெளிச்சம் குறைவதற்குள், இடுப்பளவு தண்ணீரில் நின்று, அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளினான்.

ஹெப்சி வாசலில் நின்று பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். புழு பூச்சி எதற்கும் முகம் சுளிக்கமாட்டாள்.

"இன்னா இது, மொளகாத் தூள் மாதிரி?"

"விரால் குஞ்சு. அங்கயே உட்டா செத்துடும்."

"ஏன், தாய் மீனு எங்க?"

ஆலன் பக்கெட்டைக் கீழே வைத்தான். "எவனோ பிடிச்சிட்டுப் போய்ட்டான்" என்றான்.

"குஞ்சோட இருக்கறதையா? பாவி" என்றாள் ஹெப்சி. அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். ஆலன் அவள் வகிட்டைப் பார்த்தபடி நின்றான். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவள் நிமிர்ந்து, "மாடியில அந்தக் கறுப்புத் தொட்டி இருக்குது இல்ல, ஓட்டை விழுந்தது, அத அறுத்துக்கலாம்" என்றாள். அதோடு அந்த நேரம் போய்விட்டது.

தொட்டியின் மேல்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, ஓட்டையை அடைத்தார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் விட்டால் தாங்காது என்று, மாடிப்படிக் கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடித்தார்கள். தடுப்பணையிலிருந்து ஆகாயத்தாமரை கொஞ்சம் கொண்டுவந்து போட்டான் ஆலன். அக்கம்பக்கத்து மொட்டை மாடி ட்ரம்களில் நெளிந்த கொசுப்புழுவையெல்லாம் ஹெப்சி வடிகட்டி வந்து கொடுத்தாள். தெருவில் கொசு குறைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஹலீமா பீ சொன்னார்.

ஆரம்பத்தில் தினமும் கொஞ்சம் செத்து மிதந்தன. பிறகு நின்றது. சிவப்பு மங்கி, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு விழுந்து, மெல்லக் கறுத்தன. கொஞ்சம் பெரிதானதும் வேறு தொல்லை வந்தது. பெரியது சிறியதை விழுங்கியது. தன்னளவில் முக்கால்வாசி இருப்பதையே வாலிலிருந்து பிடித்து, தொண்டையில் சிக்கி, இரண்டுமே சாகும். ஆலன் மூன்று பாத்திரம் வாங்கிவந்து, காய்கறி கழுவும் கூடையால் அள்ளி, பெரியது சின்னது என்று பிரித்து விட்டான். தரம் பிரிப்பது கைக்குப் பழகின வேலை. அதைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டும் மனசு சும்மா இருந்தது.

டோரதிக்குப் படியேறலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் மாடிக்கு வந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு கோழி ஈரலை அவர்தான் நறுக்கினார். தன் பழைய ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலால், கடுகைவிடச் சின்னதாக. "வாங்கடா பிள்ளைங்களா" என்று தண்ணீரை விரலால் தட்டினால் எல்லாம் ஒரே கூட்டமாக வந்து நிற்கும்.

"பெத்தவங்க இல்லன்னு தெரியுமா இதுங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"தெரியாது அத்தை."

"நல்ல வேளை நீ போன மாப்ள அன்னிக்கு. கர்த்தர் தான் அனுப்பியிருக்கணும்."

ஆலன் கூடையை அலசிக்கொண்டிருந்தான். அலசினதையே திரும்ப அலசினான்.

டோரதி சும்மா இருக்கிறவர் இல்லை. ஹெப்சி போகும் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னார். அங்கிருந்து ஆயர் ஞானசீலனுக்குப் போனது. அவர் ஒரு சாயங்காலம் இரண்டு மூப்பர்களோடு மாடிக்கே வந்து, தொட்டியைச் சுற்றி நின்று, "இந்தச் சிறு ஜீவன்களைக் காக்கத் தம் பிள்ளையை ஏவின" ஆண்டவருக்கு நன்றி செலுத்தி ஜெபம் செய்தார். கண்ணை மூடியிருந்த ஆலனுக்குக் காது சூடாகியது. ஜெபம் முடிந்ததும் ஆயர் அவன் தோளைத் தட்டினார்.

"ஆலன், ஜனவரியில அறுப்பின் பண்டிகை வருது. அன்னிக்கி இதுங்கள ஆலயத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே போய் ஓடையில விட்டுடலாம். நீங்க சபை முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லணும்."

"எனக்குப் பேச வராது ஐயா."

"செஞ்சதச் சொன்னா போதும்" என்றார் ஆயர்.

அடுத்த நாள் மேசையில் அவன் நவீதிடம் மெதுவாகக் கேட்டான். "அந்த வீடியோவ எடுத்துடுடா."

நவீத் ஏன் என்று கேட்கவில்லை. போனை எடுத்து அப்போதே அழித்தான். "எடுத்துட்டேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஹெப்சிக்குத் தெரியும் இல்ல?" என்றான்.

"ம்" என்றான் ஆலன். அதுவும் பொய்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் நவீதும் அவன் மனைவி மெஹக்கும் வீட்டுக்கு வந்தார்கள். வருஷா வருஷம் வருவார்கள். பெருநாளுக்கு இவர்கள் போவார்கள். டோரதி யாரோ கூப்பிட்டு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மாடியேறி மீன்களைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்ததும் ஹெப்சி கேக்கும் முறுக்கும் தட்டில் வைத்தாள்.

மெஹக் தட்டை வாங்கிக்கொண்டே சொன்னாள். "அக்கா, அண்ணா பண்ணது ரொம்பப் பெரிய விஷயம். அன்னிக்கி இவங்க ஊட்டுக்கு வந்து சோறே துண்ணல. இன்னாங்கன்னு கேட்டா, 'தாய் தகப்பன் ரெண்டையும் பிடிச்சிட்டோம் மெஹக், குஞ்சுங்க தனியா நிக்கிது'ன்னு ஒரே பேஜார். அப்பறம் தூண்டிலையே தொடல. ஆனா அண்ணா திரும்பப் போய் எடுத்தாந்தாரு பாருங்க. தப்பு பண்ணா எல்லாரும் மறைக்கத்தான் பாப்பாங்க. அத சரி பண்ண ஒரு மனசு வேணும் இல்ல?"

நவீத் முறுக்கைக் கையில் வைத்தபடி ஆலனைப் பார்த்தான். பார்த்ததும், ஹெப்சிக்கு இதுவரை தெரியாதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

'பிடிச்சிட்டோம்' என்று நவீத் சொல்லியிருக்கிறான். சுவரில் போய் உட்கார்ந்தவன், வேண்டாமென்று சொன்னவன், தன்னையும் சேர்த்து அப்படிச் சொல்லியிருக்கிறான். ஆலன் சொன்னதோ 'எவனோ' என்று.

ஹெப்சி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "கேக் இன்னும் ஒரு துண்டு வெச்சிக்கோ மெஹக்" என்றாள். டீ போட்டாள். ஹலீமா பீயின் பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து தட்டுகளை எடுத்துப்போய்ச் சமையலறையில் கழுவும் தொட்டியில் போட்டு, குழாயைத் திறக்காமல் நின்றாள்.

"அன்னிக்கி அந்த மீன நான்தானே அறுத்தேன்" என்றாள்.

ஆலன் சமையலறை வாசலில் நின்றான்.

"ரெண்டையும் நான்தான் தேச்சிக் கழுவினேன். ஆக்கினேன். அம்மாக்கு முள்ளு எடுத்துப் போட்டேன்."

"ஹெப்சி..."

"நான் பாவின்னு சொன்னப்ப நீங்க என்னைப் பாத்துகினு தானே நின்னீங்க?"

"சொல்லிடணும்னு தான் இருந்தேன்."

"எப்ப?"

அவள் குழாயைத் திறந்தாள். தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை திரும்பவில்லை.

அதன் பிறகும் அவள் மாடிக்குப் போனாள். கொசுப்புழு வடிகட்டினாள், தண்ணீர் மாற்றினாள். ஆலன் ஏறி வந்தால் இறங்கிவிடுவாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். டோரதி, "இன்னா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டதற்கு, "ஸ்கூல்ல வேலை ஜாஸ்திம்மா" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின வாரம் ஆலன் அவளிடம் போய் நின்றான். "சர்ச்சுல எல்லாத்தையும் சொல்லிடறேன். சாட்சி சொல்லச் சொன்னாரு இல்ல, அப்பவே."

ஹெப்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுவீங்க. அவங்க அழுவாங்க. ஐயா கட்டிப் பிடிச்சிக்குவாரு. எவ்ளோ நல்ல மனுஷன்னு இன்னும் பேரு வாங்கிக்குவீங்க. ஊட்ல சொல்ல வாய் வரல, மைக்குல சொல்ல வருதா?"

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க தான் துண்ணாங்க. அவங்க தான் தெனம் ஊட்டறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க, யாரும் கை தட்டமாட்டாங்க."

அவன் டோரதியின் அறை வாசல்வரை பலமுறை போனான். ஒருமுறை உள்ளேயும் போனான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். "வா மாப்ள, ஈரல் வாங்கியாந்தியா?" என்றார். "இதோ போறேன் அத்தை" என்று வெளியே வந்துவிட்டான்.

பண்டிகை அன்று ஆலயத்தில் பூசணிக்காயும் வாழைத்தாரும் கால் கட்டிய சேவலும் முன்னால் வரிசையாக இருந்தன. அவற்றோடு இரண்டு வெள்ளை பக்கெட்டுகள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் நீளம் வளர்ந்திருந்த குஞ்சுகள் அடியில் அசையாமல் நின்றன. ஆயர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆலன் எழுந்து போனான். மைக்கின் முன் நின்றபோது நான்காம் வரிசையில் ஹெப்சி தெரிந்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டோரதி, பண்டிகைப் புடவையில், அவனையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"நான் பெருசா ஒன்னும் செய்யல" என்றான். "சொல்றதுக்கும் எனக்குத் தகுதி இல்ல. வெயில் ஏறிடும், மீன கொண்டுபோய் விட்டுடலாம்."

இறங்கி வந்துவிட்டான். பிறகு கைதட்டல் எழுந்தது. பின்னால் யாரோ ஒரு பெரியவர், "என்ன தாழ்மை பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த அந்தக் கைதட்டல், இதுவரை சொன்ன பொய்களைவிட மோசமாக இருந்தது. அவன் உட்கார்ந்த இடத்தில் குனிந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான்.

ஆராதனை முடிந்து ஒரு வேனிலும் சில வண்டிகளிலும் தடுப்பணைக்குப் போனார்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. பிள்ளைகள் ஒரு பக்கெட்டை ஆளுக்கொரு குவளையாக மொண்டு விட்டார்கள். டோரதி மற்ற பக்கெட்டை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளி, நாணல் ஓரமாக நிழலுள்ள இடத்துக்குப் போனார். ஆலன் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அவன் இரண்டாவது விராலைப் பிடித்தது அந்த இடத்தில்தான்.

"அத்தை" என்றான். "இதுங்களோட தாயையும் தகப்பனையும் பிடிச்சது நான்தான்."

டோரதி பக்கெட்டைப் பாதி சாய்த்திருந்தார். அப்படியே நிறுத்தினார்.

"இன்னா சொல்ற?"

"குஞ்சோட இருக்கறது தெரிஞ்சே போட்டேன். ஒன்னு பிடிச்சேன். நவீத் வேணாம்னான். கேக்காம இன்னொன்னையும் பிடிச்சேன். ஆபரேஷனுக்கு அப்பறம் ஹெப்சி வெச்ச விரால் குழம்பு... அது தான்."

அவர் பக்கெட்டை மெல்ல நிமிர்த்தி மண்ணில் வைத்தார். உள்ளே குஞ்சுகள் சுற்றின.

"ரெண்டு துண்டு கேட்டு வாங்கினேனே" என்றார்.

ஆலன் ஒரு நாணலை ஒடித்தான்.

"அப்பறம் என்னை மேல ஏத்தி உக்கார வெச்சி, இதுங்களுக்கு ஊட்ட வெச்ச. பிள்ளைங்கன்னு சொன்னேன். கர்த்தர் அனுப்பினாருன்னு சொன்னேன். எல்லாம் கேட்டுகினு தானே இருந்த?"

"ஆமா அத்தை."

"ஹெப்சிக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் சொல்லல. மெஹக் சொல்லித் தெரிஞ்சுது."

டோரதி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவர். அவர் முகம் இப்படிக் கோணி அவன் பார்த்ததில்லை. "உன்ன நல்லா வளத்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பக்கெட்டை அவன் பக்கம் காலால் நகர்த்திவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் கரையேறி, வேனில் போய் உட்கார்ந்தார்.

ஆலன் தனியாக பக்கெட்டைச் சாய்த்தான். குஞ்சுகள் கொஞ்ச நேரம் அவன் கால்களைச் சுற்றியே நின்றன. விரல் தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்ததுபோல. பிறகு ஒவ்வொன்றாக நாணலுக்குள் போயின. மேலேயிருந்து ஆயர், "ஆலன், அப்படியே திரும்பி நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார். அந்தப் போட்டோதான் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பிரிய மனமில்லாமல் அழுகிறான் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் டோரதி காட்பாடிக்குக் கிளம்பிவிட்டார். உடம்பு நன்றாகிவிட்டது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். ஸ்டேஷனுக்கு ஹெப்சி மட்டும் போனாள். அதன் பிறகு அவர் போன் ஹெப்சிக்குத்தான் வந்தது. தப்பித்தவறி ஆலன் எடுத்தால், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, "அவகிட்ட குடு" என்பார்.

ஆனால் ஊரில் அவனுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. காவேரிப்பாக்கம் பக்கம் வயல் வைத்திருக்கும் சபைக்காரர் ஒருவர், கால்வாய் வற்றுகிறது, குஞ்சுகள் சேற்றில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை. போய் அள்ளி வந்தான். அவன் பக்கெட்டோடு படியேறும்போது ஹெப்சி மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிப் போகவில்லை.

"இது எங்கேர்ந்து?" என்றாள்.

அவன் சொன்னான். யார் கூப்பிட்டது, எந்தக் கால்வாய், எவ்வளவு செத்துக் கிடந்தது, எல்லாம். அவள் முழுக்கக் கேட்டாள்.

"சரி. தொட்டியில பழைய தண்ணி இருக்குது. கொட்டிட்டு வேற ஊத்தணும்" என்றாள். குழாயை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும், ஆலன் நவீதைக் கூப்பிட்டுக்கொண்டு தடுப்பணைக்குப் போனான். இரண்டு பேர் கையிலும் தூண்டில் இல்லை. தண்ணீர் குறைந்திருந்தது. மதகுச் சுவரில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்கள். நாணல் ஓரமாக எப்போதாவது ஒரு குமிழி வந்தது. அது விரால்தானா என்று சொல்ல முடியவில்லை.

வண்டியில் மூன்று இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். கல்லூரிப் பையன்கள் மாதிரி இருந்தார்கள். புது ராடு, புது ரீல். அவர்களில் ஒருவன் சிரித்த முகமாக வந்து, "அண்ணா, இங்க விரால் கெடைக்குமா?" என்று கேட்டான்.

நவீத் பதில் சொல்லாமல் ஆலனைப் பார்த்தான்.

"இருக்குது" என்றான் ஆலன். "எல்லாம் சின்னது. பிடிச்சா உட்டுடுங்க தம்பி. அடுத்த மழைக்கு இங்க செவப்பா குஞ்சுக் கூட்டம் நிக்கும். அது மேல மட்டும் போடாதீங்க. நான் போட்டேன். தாய், தகப்பன் ரெண்டையும் பிடிச்சிட்டேன். குஞ்செல்லாம் அப்படியே நின்னுச்சி."

பையனின் கண் விரிந்தது. "ரெண்டையுமா? எத்தன கிலோண்ணா இருந்துச்சி?"

"மொதல்ல வந்தது ஒன்னேகால் கிலோ..." என்று ஆலன் ஆரம்பித்துவிட்டான். வலது கை அதுவாகவே நீளம் காட்ட எழுந்தது. தன் குரலில் இருந்த குஷி அவனுக்கே கேட்டது. கையை இறக்கித் தொடையில் வைத்துக்கொண்டான். முகம் எரிந்தது.

"அத கேக்காத தம்பி" என்றான்.

பையன் புரியாமல் சிரித்தான். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு நண்பர்களிடம் போனான். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டு, கொஞ்சம் மேலே தள்ளிப் போய் வீச ஆரம்பித்தார்கள்.

"போலாமா?" என்றான் நவீத்.

"கொஞ்ச நேரம் இருக்கலாம்டா" என்றான் ஆலன்.

வெயில் முதுகில் ஏறியது. பையன்கள் ஒன்றும் கிடைக்காமல் ராடுகளை மடித்துக்கொண்டு கிளம்பும்வரை இருவரும் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.